மத்தியகால ஐரோப்பிய பெஞ்சு விரிப்பும் குஷனும்: வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

மத்தியகால ஐரோப்பா என்றாலே படங்களில் வெல்வெட் தைத்த சோபாவும் செதுக்கிய நாற்காலியும் காட்டுவார்கள். உண்மையில் அந்தக் காலத்து வீட்டில், ஓரளவு வசதியான வீட்டில்கூட, உட்கார இருந்தது பெரும்பாலும் மரப் பெஞ்சு, பெட்டி, ஸ்டூல், அவ்வளவுதான். சாய்வு வைத்த நாற்காலி வீட்டுத் தலைவருக்கு மட்டும். மரம் சாதாரண மரம். அதன்மேல் விரித்த துணிதான் விலை உயர்ந்தது. துணியைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு அடுத்த மாளிகைக்கு வண்டியில் ஏற்றலாம், உயிலில் மகனுக்கு எழுதி வைக்கலாம், விருந்தாளி வரும்போது மட்டும் எடுத்து விரிக்கலாம். நம் ஊர்க் கல்யாணத்துக்கு ஜமக்காளம் வெளியே வருகிற மாதிரிதான்.

அதனால் இந்த வேலையில் இறங்குகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இது சோபா கவர் இல்லை. எதையும் மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, எலாஸ்டிக் கூடாது, மூலைக்கு மூலை அளவெடுத்துப் பொருத்தித் தைக்கக் கூடாது. தளர்வாக விழுகிற, மடித்து வைக்கக்கூடிய ஒரு நீளத் துணி, அதன்மேல் தனித்தனி குஷன். மெத்தையை மரத்தோடு சேர்த்து அடிக்கும் பழக்கம் பரவலானது பிற்காலத்தில்.

நாடகத்துக்கு, கண்காட்சிக்கு, அல்லது சும்மா கை அரிப்புக்கு என்று இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அடிப்படை எம்ப்ராய்டரி தெரிந்தால் போதும். ஆரி ஒர்க் பழகியவர் என்றால் பாதி சாமான் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும்.

முதலில் இடமும் காலமும் முடிவு செய்யுங்கள்

"மத்தியகாலம்" என்பது ஆயிரம் வருடம். 1320இல் வடக்கு ஜெர்மனியில் ஒரு கன்னியர் மடத்தில் தைத்ததும் 1480இல் பேசல் நகரத் தறியில் நெய்ததும் பார்க்கவே வேறு வேறு. இரண்டையும் ஒரே துணியில் கலந்தால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

மோட்டாமோட்டியாக மூன்று வழி உண்டு. ஒன்று, தறியில் நெய்யும் டேபஸ்ட்ரி, அதாவது நெசவிலேயே படம் வரும் கெட்டித் துணி. 15ஆம் நூற்றாண்டில் பேசல், ஸ்ட்ராஸ்பூர்க் பக்கம் பெஞ்சுக்குப் பின்னால் தொங்கவிட நீளமும் குறுகலுமான துண்டுகளை நெய்தார்கள். உடம்பெல்லாம் முடி வளர்ந்த காட்டு மனிதர்களும் வினோத மிருகங்களும் அதில் பிரபலம். அழகுதான், ஆனால் தறி வேண்டும், தறியைப் பழக வருடங்கள் வேண்டும். இரண்டாவது, கம்பளித் துணியையே வெட்டி ஒட்டுத்தையல் போடுவது. மூன்றாவது, லினன் துணிமேல் கம்பளி நூலால் முழுப் பரப்பையும் நிரப்பும் எம்ப்ராய்டரி.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. ஜெர்மனியில் இதை "குளோஸ்டர்ஸ்டிஷ்" என்கிறார்கள், மடத்துத் தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீன்ஹவுசன் மடத்தில் 14ஆம் நூற்றாண்டில் இந்த முறையில் செய்த பெரிய துணிகள் இன்றும் இருக்கின்றன, டிரிஸ்டன் கதையைச் சொல்லும் ஒன்று உட்பட. மடத்தில் காதல் கதையா என்று கேட்காதீர்கள், அவர்களுக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை.

இன்னும் நமக்குப் பொருத்தமான மாதிரி ஃபிரைபூர்க் நகரத்து அகுஸ்டினர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மால்ட்டரர் துணி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்தது, ஏறக்குறைய 5 மீட்டர் நீளம், உயரம் 70 செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு ஓரத்திலும் குடும்பச் சின்னம், நடுவில் வரிசையாக நாலிதழ்ப் பூ வடிவக் கட்டங்கள். கட்டத்துக்குள் யார் என்றால் தெலீலாளிடம் முடியைப் பறிகொடுக்கும் பைபிள் பலசாலி சிம்சோன், ஃபிலிஸ் என்ற பெண்ணுக்கு முதுகைக் கொடுத்துக் குதிரையாகத் தவழும் அரிஸ்டாட்டில், கூடைக்குள் உட்கார்ந்து பாதி சுவரில் தொங்கும் ரோமானியக் கவிஞர் வர்ஜில். பெண்களிடம் தோற்ற பெரிய மனிதர்களின் பட்டியல். கடைசியில் கன்னியின் மடியில் யூனிகார்ன். நீளத்தையும் உயரத்தையும் வைத்து இது பெஞ்சுக்குப் பின்சுவரில் தொங்கியிருக்கும் என்று கருதுகிறார்கள். கட்டம் கட்டமாகப் பிரிப்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய புத்திசாலித்தனம்: ஒரு கட்டம் முடிந்தால் ஒரு குஷன், மூன்று முடிந்தால் விரிப்பின் முன்தொங்கல்.

என்னென்ன சேர்ந்தது ஒரு செட்

அந்தக் காலத்தில் ஒற்றைக் குஷன் வாங்கிப் போடும் வழக்கம் பணக்கார வீட்டில் இல்லை. கூடத்துக்கு ஒரு முழு செட். பின்சுவருக்கு ஒன்று, பக்கச் சுவர்களுக்கு சில, பெஞ்சுக்கு ஒன்றிரண்டு, எல்லாம் ஒரே நிறம், ஒரே சின்னம். கறுப்பு இளவரசர் என்று அழைக்கப்படும் இங்கிலாந்து இளவரசர் எட்வர்டு 1376இல் எழுதிய உயிலில் கேன்டர்பரி தேவாலயத்துக்கு அப்படி ஒரு செட் கொடுக்கிறார்: கறுப்புத் துணியில் தீக்கோழி இறகுகள், சிவப்புக் கரையில் பெண் தலை வைத்த அன்னங்கள். கணக்கும் இருக்கிறது: பின்சுவருக்கு ஒன்று, பக்கங்களுக்கு எட்டு, பெஞ்சுக்கு இரண்டு. பெஞ்சு விரிப்பை ஆங்கிலத்தில் "பாங்கர்" என்றார்கள், பின்தொங்கலை "டோர்சர்". இணையத்தில் தேடும்போது இந்தப் பெயர்கள் உதவும்.

நீங்கள் எட்டு பத்து செய்ய வேண்டாம். ஒரு பெஞ்சு விரிப்பு, இரண்டு குஷன். முதலில் குஷன், அப்புறம் விரிப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஐந்தடி விரிப்பில் ஆரம்பித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அதைப் பாதியில் மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

அளவு

பெஞ்சை அளந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு நீளம் 120 செ.மீ., அகலம் 35 செ.மீ. என்று வைப்போம். முன்பக்கம் 20 செ.மீ. தொங்கட்டும், பின்பக்கம் 10 செ.மீ. மடிந்து விழட்டும். ஆக அகலம் 65. நீளவாக்கில் இரண்டு பக்கமும் 15 செ.மீ. விட்டால் 150. சுற்றி மடித்துத் தைக்க 3 செ.மீ. சேர்த்து 156க்கு 71 வெட்ட வேண்டும். முன்தொங்கலைப் பெஞ்சின் கால்வரை இறக்கினால் ராஜ தோரணை வரும், ஆனால் எழுந்து நடக்கும்போது காலில் இழுக்கும்.

குஷனுக்கு 40க்கு 40 போதும். சதுரமாகவே இருக்கட்டும். 1434இல் யான் வான் ஐக் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி ஓவியத்தைத் திறந்து பின்பக்கச் சுவரை உற்றுப் பாருங்கள்: சிவப்புத் துணி போர்த்திய இருக்கை, அதன்மேல் சிவப்பு குஷன், பக்கத்தில் கட்டிலும் சிவப்பு. ஒரே நிறத்தில் அறையையே எப்படிக் கட்டிப்போடுகிறார்கள் என்று அதில் தெரியும்.

துணியும் நூலும்

அடித்துணிக்கு லினன் நல்லது. இழை நெருக்கமாகவும் அதே சமயம் ஊசி போகிற மாதிரியும் இருக்க வேண்டும். லினன் கட்டுப்படியாகாது என்றால் கெட்டியான காதி காட்டன் எடுங்கள். மேட்டி துணி வேண்டாம். அதன் கட்டம் கட்டமான நெசவு எண்ணித் தைக்க சரி, நம் தையல் இழை எண்ணாமல் கோட்டை நிரப்புகிற வகை, துளை பெரிதாக இருந்தால் நூல் உட்கார்ந்து நிற்காது. துணியை வாங்கியதும் வெந்நீரில் ஊறவைத்துக் காயப்போட்டு அயர்ன் செய்யுங்கள். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும்.

நூலில்தான் ஏமாறுவோம். நம் கடைகளில் "உல்லன் நூல்" என்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பாலானது அக்ரிலிக். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள்: அசல் கம்பளி முடி கருகிய நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும்; அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக உறையும். அக்ரிலிக்கில் தைத்தால் குடி முழுகிவிடாது, ஆனால் ஒரு பிளாஸ்டிக் பளபளப்பு வரும், சாயமும் ஏறாது. இரண்டு இழை முறுக்கிய, மெல்லிய, கொஞ்சம் சொரசொரப்பான கம்பளி நூலைத் தேடுங்கள். ஸ்வெட்டர் பின்னும் பஞ்சு மாதிரி மெத்து மெத்தென்ற நூல் உட்கார உட்காரப் பஞ்சு உருண்டு நிற்கும்.

எவ்வளவு வேண்டும்? கணக்குப் போடலாம். நூல் 1 மி.மீ. தடிமன் என்றால் 40 செ.மீ. அகலத்தை நிரப்ப 400 வரிசை. ஒவ்வொரு வரிசையும் 40 செ.மீ. நீளம், அதே தூரம் திரும்பியும் வர வேண்டும். 400 × 80 செ.மீ. = 320 மீட்டர். முடிச்சு, வெட்டு, வீண் எல்லாம் சேர்த்து 380–400 மீட்டர் எல்லா நிறமும் சேர்த்து. லேபிளில் மீட்டர் பார்த்து வாங்குங்கள். பின்னணிதான் நூலை நிறையத் தின்னும், அந்த நிறத்தை ஒரே தடவையில் ஒரே சாய எண்ணில் வாங்கிவிடுங்கள்.

நிறங்கள்

ஐரோப்பியருக்கு அன்று முக்கியமாக மூன்று செடி. சிவப்புக்கு மேடர் வேர், நீலத்துக்கு வோட் இலை, மஞ்சளுக்கு வெல்ட். பச்சை என்று தனிச் செடி இல்லை, மஞ்சள் தோய்த்து அதன்மேல் நீலம் ஏற்றுவார்கள். பழைய டேபஸ்ட்ரிகளில் மரத்து இலையெல்லாம் நீலமாக இருப்பதைப் பார்த்து ஏதோ கற்பனை என்று நினைக்காதீர்கள்: மஞ்சள் வெளுத்துப் போய் அடியில் இருந்த நீலம் மட்டும் மிச்சம். இதே போல மாசிக்காயும் இரும்பும் சேர்த்துப் போட்ட கறுப்பு, காலப்போக்கில் நூலையே அரித்துவிடும்; முகத்தின் கறுப்புக் கோடுகள் மட்டும் உதிர்ந்துபோன பழைய துணிகள் உண்டு.

கடையில் சாயம் போட்ட நூல் வாங்கினால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். சாயம் போட ஆசை என்றால் சிவப்பை மட்டும் வீட்டில் போடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டி, மேடருக்கு நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். வேருக்குள் இருக்கும் சாயப் பொருள்களின் விகிதம் மாறும், அதனால் நிறம் அச்சு அசலாக வராது, ஆனால் குடும்பச் சாயல் தப்பாது.

முதலில் படிகாரம். 100 கிராம் நூலுக்கு 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நனைத்த நூலைப் போட்டு, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சூட்டில் வையுங்கள். ஆவி பறக்கணும், குமிழி வரக் கூடாது. அடுப்பை அணைத்து அப்படியே ஆறவிடுங்கள். சூட்டிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் முக்கினால் கம்பளி திரண்டு கெட்டியாகிவிடும், கிளறினாலும் அதே கதி. ஐரோப்பியர் இந்தப் படிகாரத்துக்காகவே துருக்கிக் கரை வரை கப்பல் விட்டார்கள். 1460களின் தொடக்கத்தில் ரோமுக்குப் பக்கத்தில் டோல்ஃபா மலையில் கிடைத்ததும் போப்பாண்டவரின் கஜானாவுக்குக் கொண்டாட்டம். நமக்குத் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது.

அடுத்த நாள் நூலின் எடைக்குச் சமமாக மஞ்சிட்டிப் பொடி எடுத்து, ஒரு மெல்லிய துணியில் மூட்டை கட்டித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் நூலைச் சேர்த்து மெதுவாகச் சூடேற்றுங்கள். 70 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், தாண்டினால் சிவப்பு போய்ப் பழுப்பு எட்டிப் பார்க்கும். சமையலறைத் தெர்மாமீட்டர் இல்லையென்றால் விரல் வைக்க முடியாத, ஆனால் அசையாமல் கிடக்கிற சூடு என்று பழகிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம், பிறகு தானாக ஆறும்வரை. சமையல் பாத்திரம் வேண்டாம், சாயத்துக்கு என்று ஒரு பழைய எவர்சில்வர் குண்டான் தனியாக இருக்கட்டும். இரும்புச் சட்டி கண்டிப்பாக ஆகாது, நிறம் மங்கிவிடும்.

நீலத்துக்கு நம் அவுரியும் அவர்களுடைய வோட்டும் தருவது ஒரே சாயப் பொருள்தான். ஆனால் அவுரித் தொட்டி வைப்பது தனிக் கலை, அதுவும் சுண்ணாம்பு அதிகமான தொட்டி கம்பளியைக் கெடுத்துவிடும். நீலத்தைச் சாயம் போட்ட நூலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சளுக்கு மாதுளை ஓடு தாக்குப்பிடிக்கும். சமையல் மஞ்சள் மட்டும் வேண்டாம், ஜன்னலோரம் வைத்த குஷன் சீக்கிரமே வெளுத்து நிற்கும்.

சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், சாயம் போடாத வெள்ளை, கரும்பழுப்பு. ஆறே போதும். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு நைசாகக் கலக்கும் ஷேடிங் இந்தப் பாணியில் வராது. தட்டையான நிறம், அதைச் சுற்றி இருண்ட கோடு.

படம் வரைதல்

குஷனுக்கு நடுவில் ஒரு நாலிதழ் வடிவம், உள்ளே ஒரு மிருகம் அல்லது ஒரு கேடயச் சின்னம், நாலு மூலையிலும் ஆளுக்கொரு இலை. முயல், சிங்கம், யூனிகார்ன், ஓக் இலை, திராட்சைக் கொடி எல்லாம் சரி. கேடயம் வைத்தால் ஒரு விதி உண்டு: மஞ்சளும் வெள்ளையும் உலோகக் கணக்கு, அதாவது தங்கமும் வெள்ளியும்; சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு வண்ணக் கணக்கு. வண்ணத்தின்மேல் வண்ணம் வைக்கக் கூடாது, உலோகத்தின்மேல் உலோகமும் கூடாது. நீலத்தில் மஞ்சள் சிங்கம் சரி, நீலத்தில் சிவப்புச் சிங்கம் தப்பு. தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்கான விதி, அழகுக்கும் அதுவே உதவுகிறது. வேறொரு குடும்பத்தின் சின்னத்தைக் காப்பி அடிக்காமல் சொந்தமாக ஒன்று யோசியுங்கள்.

படத்தைத் துணிக்கு மாற்ற, ஆரி தைப்பவர்கள் செய்வதையே செய்யுங்கள்: டிரேசிங் பேப்பரில் கோட்டின்மேல் ஊசியால் வரிசையாகத் துளை போட்டு, துணிமேல் வைத்து, பொடியைத் தேய்ப்பது. மத்தியகாலத் தொழிற்கூடங்களிலும் துளைபோட்டுக் கரித்தூள் தட்டும் முறை இருந்தது. மண்ணெண்ணெய் கலந்து தேய்க்க வேண்டாம், கம்பளியில் வாசனை போகவே போகாது. வெறும் கரித்தூளைச் சிறு துணி மூட்டையில் கட்டி ஒற்றி எடுங்கள், தூளை ஊதிவிடுவதற்கு முன் மெல்லிய பேனாவால் கோட்டை அழுத்தமாக வரைந்துவிடுங்கள். 1400 வாக்கில் செனினோ செனினி என்ற இத்தாலிய ஓவியரும் எம்ப்ராய்டரிக்காரர்களுக்குக் கரியால் வரைந்து மையால் உறுதிப்படுத்தச் சொல்கிறார். கோடு தையலுக்குள் மறைந்துவிடும், நீர் பட்டால் ஓடாத மை என்பது மட்டும் முக்கியம்.

சட்டம்

கையில் பிடிக்கும் வட்டச் சட்டம் இதற்கு ஆகாது. அதை நகர்த்தும்போது ஏற்கெனவே தைத்த கம்பளி நசுங்கும், இழுவை மாறும். ஆரிக்கு வைத்திருக்கும் நீளச் சட்டம் அப்படியே பொருந்தும். துணியின் ஓரத்தில் ஒரு கெட்டி நாடா தைத்து, அதைச் சட்டத்தோடு கயிறால் வரிந்து கட்டுங்கள். தட்டினால் சத்தம் வர வேண்டும். தினமும் தைக்க உட்காரும் முன் கயிற்றை ஒருதரம் இழுத்துவிடுங்கள், ராத்திரியில் லினன் தளர்ந்திருக்கும்.

தையல்

முதலில் உருவக் கோடுகளைக் கரும்பழுப்பு நூலில் காம்புத்தையலாகப் போட்டுவிடுங்கள். பிறகுதான் உள்ளே நிரப்புவது.

காது பெரிய, முனை கூர்மையான ஊசி. நூல் அரை மீட்டருக்கு மேல் வேண்டாம், துணிக்குள் போய்ப் போய் வர நூல் தேய்ந்து மெலியும். தையல் எப்போதும் மேலும் கீழுமாக, படத்தில் என்ன இருந்தாலும். முயலின் காது சாய்ந்திருக்கிறதே என்று நூலையும் சாய்க்காதீர்கள். எல்லா நூலும் ஒரே திசையில் கிடப்பதால்தான் தூரத்திலிருந்து பார்க்க நெய்த துணி போலத் தெரிகிறது.

வடிவத்தின் கீழ் விளிம்பில் ஊசியை மேலே எடுங்கள். நேராக மேலே போய், மேல் விளிம்பில் கீழே இறக்குங்கள். துணிமேல் இப்போது ஒரு நீள நூல் கிடக்கிறது. அதே ஊசி, அதே நூல்: இறங்கிய இடத்துக்கு 3 மி.மீ. கீழே, கிடக்கும் நூலின் இடப்பக்கத்தை ஒட்டி ஊசியை மேலே கொண்டுவாருங்கள். அந்த நூலைச் சாய்வாகத் தாண்டி, 7 மி.மீ. கீழே வலப்பக்கத்தை ஒட்டி இறக்குங்கள். மறுபடி 3 மி.மீ. விட்டு இடப்பக்கம் மேலே, சாய்வாகத் தாண்டி வலப்பக்கம் கீழே. இப்படியே அடிவரை இறங்கி வாருங்கள். போகும்போது கிடத்திய நூலை வரும்போது அதே நூல் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

சாய்வு குறைவாக, கிட்டத்தட்ட நூலோடு நூலாக இருந்தால் கட்டும் தையல் கண்ணுக்கே தெரியாது. குறுக்காகப் போட்டால் கயிறு கட்டிய மூட்டை மாதிரி வரி வரியாகத் தெரியும். மத்திய ஆசியாவில் அதை வேண்டுமென்றே அழகாகச் செய்வார்கள், இங்கே அது வேண்டாம். அடுத்த வரிசையைத் தொடங்கும்போது கட்டும் இடங்களைக் கொஞ்சம் மேலே கீழே மாற்றுங்கள், இல்லையென்றால் குறுக்கே கோடு விழும். கட்டும் தையலை இறுக்கி இழுக்கவும் வேண்டாம், கிடக்கும் நூல் இடுப்பில் பிடித்தது போல் குறுகிவிடும்.

பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் இருக்கும். நூல் எல்லாம் முன்பக்கமே. சாயம் போட்ட கம்பளி விலை உயர்ந்த காலத்தில் இந்தத் தையல் ஏன் அவ்வளவு பரவியது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னணியில் நீளமான வெற்றிடம் வந்தால் 10 செ.மீ.க்கு மேல் ஒரே மூச்சில் நூலைக் கிடத்தாதீர்கள், உட்காரும்போது மோதிரமோ கொலுசோ மாட்டி இழுத்துவிடும். இடையில் முறித்து மறுபடி தொடங்குங்கள், முறிக்கும் இடம் வரிசைக்கு வரிசை மாறட்டும். உருவத்தை முடித்துவிட்டுப் பின்னணிக்குப் போங்கள். பின்னணி அலுப்பான வேலைதான். பாட்டோ பாட்காஸ்ட்டோ ஓடவிட்டுத் தைக்க வேண்டிய பகுதி அது.

குஷனாக்குவது

சட்டத்திலிருந்து எடுத்ததும் பின்பக்கம் மேலாக, ஈரத் துணி போட்டு, மிதமான சூட்டில் அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். பின்பக்கத்துக்கு ஒரு நிறக் கம்பளித் துணியோ கெட்டி லினனோ. மூன்று பக்கம் தைத்து, நாலாவதைப் பஞ்சு போட்டபின் கையால் மூடுங்கள். ஜிப் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

உள்ளே என்ன? அன்று வசதிக்கு ஏற்ப இறகு, கம்பளிக் கழிவு, வைக்கோல். இதில் கலப்படமும் தாராளமாக நடந்திருக்கிறது. 1495இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது: தோல் பதனிடும் சுண்ணாம்புக் குழியிலிருந்து வந்த குதிரை முடி, மாட்டு முடி, ஆட்டு முடியெல்லாம் குஷனில் அடைத்து விற்கக் கூடாது, உட்காருகிறவரின் உடம்புச் சூடு பட்டால் நாற்றம் தாங்கவில்லை என்று. நாம் இலவம்பஞ்சு போடலாம். அன்றைய ஐரோப்பாவுக்கு அது பொருந்தாது என்றாலும் உள்ளே இருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. தனி உறையில் அடைத்துப் பிறகு மேலுறைக்குள் வையுங்கள். நெஞ்சு நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு நிறையப் போடுங்கள், ஓவியங்களில் குஷன்கள் எல்லாம் நன்றாக உப்பித்தான் இருக்கின்றன.

நாலு மூலையிலும் குஞ்சம். தைத்ததில் மிஞ்சிய நூல்களைக் கலந்து கட்டினாலே நிறம் தானாகப் பொருந்தும். ஓரத்து மடிப்பின்மேல் விரலால் பின்னிய கயிறு ஒன்றைச் சுற்றித் தைத்தால் தையல் மறையும், ஓரமும் தேயாது.

பெஞ்சு விரிப்பு

150க்கு 65 முழுவதையும் நிரப்புவது மடத்தில் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் சரி. தனி ஆள் என்றால், விரிப்பின் உடம்புக்குக் கோட் தைக்கும் கெட்டிக் கம்பளித் துணியை ஒரே நிறத்தில் எடுங்கள். முன்தொங்கலுக்கு மட்டும் நாலிதழ்க் கட்டங்களைத் தனியாக லினனில் தைத்து, வெட்டி, ஓரத்தை மடித்து, கம்பளிமேல் கையால் பொருத்தி, விளிம்பில் கயிறு வைத்துத் தையுங்கள். எல்லோரும் உட்கார்ந்து தேய்க்கிற இடத்தில் எம்ப்ராய்டரி இல்லாததால் விரிப்பும் நாள்பட உழைக்கும். மூன்று கட்டம் போதும். 20 செ.மீ. தொங்கலில் 16 செ.மீ. உயரக் கட்டம் அழகாக உட்காரும்.

அடிப்பக்கம் லினன் அல்லது காடாத் துணியில் லைனிங் கொடுங்கள். லைனிங் இல்லாவிட்டால் வழுக்கும், மரத்துச் சிம்பும் கம்பளியில் மாட்டும். லைனிங்கை மேல்துணியைவிட அரை செ.மீ. தளர்வாக விடுங்கள், இரண்டும் ஒரே அளவில் சுருங்காது, இறுக்கித் தைத்தால் ஓரம் சுருண்டு நிற்கும். சென்னை மே மாதத்தில் இதன்மேல் யாரையும் உட்காரச் சொல்லாதீர்கள், சாபம் விடுவார்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குப் பிரச்சினையில்லை.

பராமரிப்பு

துவைக்கவே துவைக்காதீர்கள். வீட்டுச் சாயம் என்றால் நிச்சயமாக வேண்டாம். நிழலில் காற்றாட விரித்து, மென்மையான பிரஷ்ஷால் நூல் கிடக்கும் திசையிலேயே தூசு தட்டினால் போதும். ஏதாவது கொட்டிவிட்டால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நேர் வெயில் சாயத்துக்கு எதிரி, ஆனால் பூச்சிக்கும் எதிரி என்பதால் ஒன்று செய்யலாம்: பின்பக்கத்தை மட்டும் வெயிலுக்குக் காட்டிக் கொஞ்ச நேரம் போடுங்கள்.

பூச்சிதான் கம்பளிக்கு உண்மையான ஆபத்து. ஐரோப்பியர் லாவெண்டரும் எட்டிக் கசப்பான வார்ம்வுட் இலையும் போட்டுப் பெட்டியில் வைத்தார்கள். வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் சிறு துணிப்பையில் கட்டி நாம் வைக்கலாம், துணியில் நேராகப் படாமல். மடித்து வைப்பதைவிட ஒரு அட்டைக் குழாயில், தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி, பழைய வேட்டியைச் சேர்த்துச் சுருட்டி வைப்பது நல்லது. மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம் ஒருமுறை முழுக்க விரித்து, மடிப்புகளிலும் குஞ்சத்துக்கு அடியிலும் பாருங்கள், மணல் போலத் தூள் உதிர்ந்தால் புழு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டு, பிறகு பிரஷ் செய்யுங்கள்.